கம்பிக்கும் ஒரு பேரேடு
(நெட்வொர்க் பரீட்சைக்கு வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



தோட்டத்துச் சம்பள நாள் நம் கடைகளுக்கு எப்பேர்ப்பட்ட நாள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாதம் பிறந்து ஏழு நாளைக்குள் கூலி கைக்கு வந்துவிடும். அன்று மாலை புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (2007-க்கு முன் நாம் பத்தாங் பெர்ஜுந்தாய் என்று அழைத்த ஊர்தான்) பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்திறங்குவார்கள். பழைய பற்றைத் தீர்ப்பவர் ஒரு பக்கம், புதுச் சாமான் எடுப்பவர் ஒரு பக்கம் என்று கடை நிறைந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு மாலையில் எங்கள் கடையின் பெட்டியடிக் கம்ப்யூட்டர் திடீரென்று நின்றது. கியூ.ஆர். வழியாகப் பணம் வாங்குவதும் நின்றது, கேமராவும் நின்றது. மேல் மாடியில் படித்துக்கொண்டிருந்த என் மகனைக் கூப்பிட்டேன். அவன் இறங்கி வந்து ஸ்விச் பெட்டியைப் பார்த்தான். (விளக்குப் போடும் ஸ்விச் அல்ல, பல கம்ப்யூட்டர்களின் கம்பிகளை ஓரிடத்தில் சேர்க்கும் பெட்டி.) அதிலுள்ள பச்சை விளக்குகள் யாவும், கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரத்து மின்மினிகள் மின்னுவதைப் போல, ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி எரிந்தன.

“அத்தா, இது லூப். ஒரே கம்பியின் ரெண்டு முனையும் இந்தப் பெட்டியிலேயே மாட்டியிருக்கு. எந்தக் கம்பின்னுதான் தெரியல” என்றான்.

மேசைக்கடியில் கூட்டிப் பெருக்கிய கடைப்பையன், கம்பி முனையொன்று தொங்குவதைக் கண்டு, கழன்று விழுந்ததாக்கும் என்று நல்லெண்ணத்தோடு காலியாயிருந்த துளையில் செருகிவிட்டான். அதன் மறு முனை ஏற்கெனவே அதே பெட்டியில் இருந்தது. பெட்டிக்குள் புகுந்த செய்தி வெளியேற வழியின்றி வட்டமடித்துப் பெருகியது. கடை முழுதும் அடைத்துக்கொண்டது. மொத்தம் பதினொரு கம்பிகள். எல்லாம் சாம்பல் நிறம். ஒன்றிலும் சீட்டு இல்லை. அவற்றைப் போட்டவனே என் மகன்தான். அவன் போட்ட கம்பி அவனுக்கே தெரியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்களை நான் எண்ணவில்லை.

அன்றிரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியதன் பலனே இக்கட்டுரை. நான் கடைக்காரன், கம்பி படித்தவனல்லன். மகனிடமும் அவன் புத்தகங்களிடமும் கேட்டறிந்ததை, கடைக்காரனுக்கு விளங்கும் வகையில் எழுதுகிறேன்.

1. பரீட்சை எது? அதற்குக் கருவி வேண்டுமா?

நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுபவை இரண்டு. ஒன்று, சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. பரீட்சை. 200-301 என்ற எண்ணுடைய பாடத்திட்டம் 2020 பிப்ரவரி 24-ல் வந்தது. காலம் 120 நிமிஷம். கட்டணம் 2024-ல் 300 அமெரிக்க டாலர், வரி தனி. தேறியவருக்குச் சான்று மூன்றாண்டு செல்லும். மற்றொன்று, கம்ப்டியா நிறுவனத்தின் நெட்வொர்க் பிளஸ். இதன் என்10-009 பாடத்திட்டம் 2024 ஜூனில் வந்தது. 90 நிமிஷத்தில் 90 கேள்விகள் வரை கேட்கப்படும். பாடத்திட்டங்கள் சில ஆண்டுகளுக்கொருமுறை மாறுபவை. ஆதலால் பணம் கட்டுமுன் நடப்பிலுள்ளது எது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

சி.சி.என்.ஏ. பரீட்சையில் கம்பி முறுக்கிக் காட்டச் சொல்லமாட்டார்கள். பாக்கெட் டிரேசர் என்னும் மென்பொருளை சிஸ்கோ இலவசமாகவே தருகிறது. பாடத்தின் பெரும் பகுதியை அதிலேயே பழகலாம். ஆகவே முதல் மூன்று மாதம் ஒரு காசும் செலவழிக்க வேண்டாம். பிள்ளை அதில் தினமும் உட்காருகிறானா, உட்காருகிறாளா என்று பாருங்கள். உட்கார்ந்தால் பிறகு கருவி வாங்கலாம்.

பின் கருவி எதற்கு என்று கேட்பீர்கள். திரையில் வரையும் கம்பியை எலி கடிப்பதில்லை. அதன் நிறம் மாறிப் போவதில்லை. அதனைக் கடைப்பையன் தவறான துளையில் செருகுவதுமில்லை. வேலைக்குப் போனபின் முதல் நாளே எதிர்ப்படுவது இவைதாம். நெட்வொர்க் பிளஸ் பரீட்சையிலோ கம்பியின் வகை, முனையின் வகை, பழுது காணும் முறை ஆகியவை கேள்வியாகவே வருகின்றன.

2. கடை வேறு, பயிற்சிக்கூடம் வேறு

இதுவே முதல் சட்டம். பழகும் பிள்ளையின் கருவிகளில் ஒரு கம்பிகூடக் கடைப் பெட்டிக்கு வரக்கூடாது. லூப் ஒன்று மட்டுமல்ல ஆபத்து. கம்ப்யூட்டர்களுக்கு விலாசம் வழங்கும் டி.எச்.சி.பி. என்ற வேலையைப் பிள்ளை தன் ரூட்டரில் பழகுவான். அந்த ரூட்டர் கடைக் கம்பியோடு சேர்ந்திருந்தால், பெட்டியடிக் கம்ப்யூட்டருக்கும் அது ஒரு பொய் விலாசத்தைக் கொடுத்துவிடும். பிறகு கல்லாவுக்குப் பாங்கி எங்கே என்று தெரியாது.

படிப்புக்கு இணையம் வேண்டுமானால், பிள்ளையின் கம்ப்யூட்டருக்குக் கைபேசி வழியாகக் காற்றில் கொடுங்கள். பயிற்சிக்கூடத்துக் கம்பிகள் அவ்வறையின் சுவருக்குள்ளேயே நிற்கட்டும்.

3. என்ன வாங்குவது?

புதுச் சரக்கு வேண்டாம். ஆபீசுகளில் கழித்துக் கட்டிய பழைய ஸ்விச் இரண்டு, ரூட்டர் ஒன்று இருந்தால் ஆரம்பிக்கலாம்; பின்னால் இன்னொரு ரூட்டர் சேர்க்கலாம். சிஸ்கோவின் 2960 வரிசை ஸ்விச்சும் 1941 ரூட்டரும் படிப்போர் பலரும் வாங்குபவை. கட்டளையிட்டுப் பழகக்கூடிய ஸ்விச்தான் வேண்டும். செருகினால் போதும் என்னும் மலிவுப் பெட்டி பாடத்துக்கு உதவாது.

பழைய தராசு வாங்கும்போது படிக்கல் வைத்துப் பார்க்காமல் வாங்குவோமா? அதுபோல, விற்பவர் எதிரிலேயே மின்சாரம் கொடுத்து, பெட்டி முழுதும் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். விசிறிச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஆபீசுக் கருவிகள் சில தையல் மெஷினைவிட அதிகம் இரையும். வீட்டில் தூக்கம் கெடும்.

இவற்றோடு தேவையானவை: கருவியோடு பேசுவதற்கான கன்சோல் கம்பி ஒன்று, கம்பி முப்பது மீட்டர், ஆர்.ஜே.-45 முனை ஐம்பது, முனை அழுத்தும் இடுக்கி, சோதிக்கும் விளக்குப் பெட்டி, 12 துளையுள்ள பேட்ச் பேனல், அதில் கம்பியை அழுத்தி இறக்கும் கருவி. 305 மீட்டர் கொண்ட முழுப் பெட்டிக் கம்பி வேண்டாம். மீட்டர் கணக்கில் அறுத்துக் கொடுப்பார்கள்.

4. கம்பியின் தரம்

இக்கம்பிக்குள் எட்டு இழை, நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். அம்முறுக்கு அழகுக்கல்ல. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு இழைகளிலும் ஒரே அளவாக விழுந்து கழிந்துபோவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். டெலிபோன் கண்ட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் 1881-ல் பேடண்டு வாங்கிய யோசனை இது. இன்றும் அதுவே ஆதாரம்.

கேட்-5ஈ என்ற வகை நொடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தை 100 மீட்டர் வரை கொண்டுசெல்லும். கேட்-6 அதனினும் பத்து மடங்கு வேகத்தைச் சுமார் 55 மீட்டர் வரை தாங்கும். கேட்-6ஏ அவ்வேகத்தை 100 மீட்டர் வரை தாங்கும். வீட்டுப் பாடத்துக்குக் கேட்-5ஈ தாராளமாகப் போதும். 100 மீட்டர் என்பதில் சுவரோடு போகும் பகுதி 90, இரு புறமும் செருகும் துண்டுகளுக்கு 10 என்று பிள்ளை நினைவில் வைக்கட்டும், பரீட்சைக்கும் உதவும்.

சந்தையில் கலப்படம் உண்டு. மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் வைத்த கம்பி மலிவாக வருகிறது. இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அது சீக்கிரம் ஒடியும். கம்பி வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும்போது அதிகம் சூடேறும்.

கம்பியும் உறையும் நமக்குப் புதிய சரக்கல்ல. இத்தீபகற்பத்துக் காட்டில் தபான் மரத்துப் பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சாவை 1843-ல் டாக்டர் மாண்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பினார். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு அதுவே உறையாயிற்று. 1870-71-ல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வந்தது. அக்கரை விலை தெரியக் கப்பலுக்குக் காத்திருந்த வியாபாரிகள் அதன்பின் தந்தியில் விலை கேட்டார்கள். அன்றும் இன்றும் கம்பிக்கு மதிப்பு இரண்டால்தான்: உள்ளே உண்மையான செம்பு, மேலே பழுதில்லாத உறை.

5. எட்டு நிறத்தின் வரிசை

டி568பி என்னும் வரிசை இது. முனையின் உலோகப் பற்கள் உங்களைப் பார்த்திருக்க, கம்பி கீழ்நோக்கியிருக்க, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றினால் டி568ஏ. இரண்டு முனையிலும் ஒரே வரிசையானால் நேர்க் கம்பி. ஒரு முனையில் ஏ, மறு முனையில் பி ஆனால் குறுக்குக் கம்பி. ஒரே இனக் கருவிகள் இரண்டை, ஸ்விச்சுக்கு ஸ்விச் என்பதுபோல, இணைக்கக் குறுக்குக் கம்பி என்பது பழைய விதி. இக்காலக் கருவிகள் பல தாமே சரிப்படுத்திக்கொள்ளும். ஆயினும் இரண்டையும் கையால் செய்து பார்த்தவன் மறக்கமாட்டான்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முறுக்கை அவிழ்ப்பது 13 மில்லிமீட்டருக்கு, அதாவது அரை அங்குலத்துக்கு, மேல் போகக்கூடாது. மேலுறை முனைக்குள் நுழைந்து அழுந்தியிருக்க வேண்டும். இல்லாவிடில் இழுத்த மாத்திரத்தில் இழை கழன்றுவிடும். சுவரோடு போவதற்கு ஒற்றைத் திட இழைக் கம்பி, அடிக்கடி வளையும் துண்டுக்குப் பல மெல்லிழைக் கம்பி. அவ்வவற்றுக்குரிய முனையையே கேட்டு வாங்க வேண்டும்.

6. விளக்கு எரிந்தால் மட்டும் போதாது

இப்பாடத்தில் என் மகன் ஏமாந்த இடமும், கணக்குத் தெரிந்த எனக்கு உடனே விளங்கிய இடமும் இதுவே.

அவன் முதலில் செய்த கம்பிகளில் ஜோடி ஜோடியாக வரிசை வைத்தான்: ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு. பார்வைக்கு ஒழுங்கு. இரண்டு முனையிலும் அப்படியே. சோதிக்கும் பெட்டியில் 1 முதல் 8 வரை எல்லா விளக்கும் முறையாக எரிந்தன. ஒரு மீட்டர்த் துண்டு வேலையும் செய்தது. இருபது மீட்டர்க் கம்பி மட்டும் தடுமாறியது, வேகம் விழுந்தது.

காரணம் யாதெனில், 3-ம் பல்லும் 6-ம் பல்லும் ஒரே ஜோடியின் இரு இழைகளாக இருக்க வேண்டும். அவன் வரிசையில் 3-ல் பச்சை ஜோடியின் இழையும் 6-ல் நீல ஜோடியின் இழையும் விழுந்தன. ஒன்றோடொன்று முறுக்கில்லாத இரு இழைகள் ஒரு செய்தியைச் சுமந்தன. ஆகவே இரைச்சல் புகுந்தது. விளக்குப் பெட்டியோ ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு சேர்ந்ததா என்று மட்டுமே பார்க்கும். யார் யாருக்கு ஜோடி என்று அதற்குத் தெரியாது.

நம் பேரேட்டில் ஒருவர் பற்றை மற்றொருவர் பக்கத்தில் எழுதிவிட்டாலும் மாதக் கடைசியில் கூட்டுத்தொகை சரியாகவே நிற்கும். கூட்டல் சரி, கணக்கு தவறு. ஆள் வந்து நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால்தான் கூட்டலை மட்டும் நம்பாமல் சிட்டையோடு பேரேட்டை ஒப்பிடுகிறோம். கம்பியிலும் அப்படியே: விளக்கைப் பார்த்தபின் நிறத்தையும் கண்ணால் ஒப்பிடு, பிறகு பெரிய கோப்பு ஒன்றை அனுப்பி வேகத்தையும் பார். நான்கு ஜோடியில் ஒன்று அறுந்திருந்தால், கிகாபிட் ஓட வேண்டிய கம்பி 100 மெகாபிட்டில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு.

7. பேரேடு

இனி எங்கள் வீட்டில் வைத்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு எண். அதே எண் இரண்டு முனையிலும், முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, சீட்டு ஒட்டி, மேலே ஒளி ஊடுருவும் நாடா சுற்றப்பட்டது. நீலம் கம்ப்யூட்டருக்கு, மஞ்சள் ஸ்விச்சுக்கும் ஸ்விச்சுக்கும், சிவப்பு ரூட்டருக்கு. கடைக் கம்பி மட்டும் சாம்பல். அந்நிறம் மேல் மாடிக்கு வரவே கூடாது.

நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்தி: எண், எங்கிருந்து (கருவியும் துளையும்), எங்கே, நீளம், செய்து சோதித்த தேதி. கம்பியைக் கழற்றினால் அடித்து எழுத வேண்டும்; கிழிக்கக்கூடாது. நம் கணக்குப் பிள்ளைகள் அடித்ததை மைபூசி மறைக்கமாட்டார்கள் அல்லவா, அந்த முறைதான். சி.சி.என்.ஏ. பாடத்தில், பக்கத்துத் துளையில் இருப்பது யார் என்று கருவியையே கேட்கும் கட்டளைகள் உண்டு. கருவி சொல்வதும் நோட்டு சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது நல்ல பயிற்சி.

கட்டுவதற்குப் பிளாஸ்டிக் வாரை இறுக்க வேண்டாம். ஒட்டிப் பிரிக்கும் துணிப் பட்டை நல்லது. கம்பியின் பருமனைப்போல் நாலு பங்குக்குக் குறைந்த வளைவாக மடக்கக்கூடாது.

8. இடி, எலி, உப்புக்காற்று

நம் நாடு இடிமின்னல் மிகுந்த நாடு. பிற்பகல் இடி ஒரு புறம், விடியற்காலம் சுமத்ராப் பக்கமிருந்து கிளம்பி வரும் புயற்காற்று மறு புறம். வானம் கறுத்தால் மின்சார பிளக்கையும் வெளியிலிருந்து வரும் கம்பியையும் இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்று மட்டும் போதாது. கடைக்கும் பின்கட்டு வீட்டுக்கும் நடுவே திறந்த வெளியில் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். கண்ணாடி இழைக் கம்பியே தகும்; கண்ணாடியில் மின்னல் ஓடாது. அதை வாங்கும்போது இரும்பு, செம்பு எதுவும் உள்ளே ஊடாதது என்று கேட்டு வாங்குங்கள். பிளக்கின் மூன்றாவது முனையாகிய பூமி இணைப்பை ஒருபோதும் விலக்கக்கூடாது. மின்சாரக் கம்பியோடு நெட்வொர்க் கம்பியைச் சேர்த்துக் கட்டுவதும் ஆகாது. கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்கட்டும்.

செம்பனைத் தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைக்குப் பெட்டிக்கூடு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் மாடியில் கூகை இல்லை. அரிசி மூட்டை இருக்கும் இடத்தில் எலி உண்டு. எலிக்குக் கம்பியுறை ருசி. தரையோடு விடாமல் குழாய்க்குள் விடுங்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான், கோல சிலாங்கூர் போன்ற கரையோர ஊர்களில் முனைகளில் களிம்பு ஏறும்; பொன் பூச்சுள்ள முனை வாங்குவதும், பயன்படாத துளைகளை மூடி வைப்பதும் நலம். துத்தநாகக் கூரைக்கு நேர் கீழே கருவியை அடுக்காதீர்கள்.

9. தினப் பயிற்சி

கருவி எல்லாம் சேர்ந்தபின் மாலையில் ஒரு மணி போதும். தங்கையோ நண்பனோ ஒரு பழுதை உண்டாக்கட்டும்: ஒரு கம்பியை இடம் மாற்றலாம், அறுந்த கம்பியைச் செருகலாம், ஒரு துளையைக் கட்டளையால் அடைக்கலாம். படிப்பவன் முதலில் விளக்கு, பிறகு கம்பி, பிறகு விலாசம் என்று கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். என்ன கண்டான், எத்தனை நிமிஷமாயிற்று என்று நோட்டில் எழுத வேண்டும். எங்கள் மாடிக்குத் தோட்டத்துப் பிள்ளையொருவனும் மோட்டார் சைக்கிளில் வந்து உடன் படிக்கிறான். ஒருவன் கெடுப்பான், ஒருவன் சரிசெய்வான். ஒரே செட்டுக் கருவியில் இருவர் படிக்கலாம், செலவும் பாதி.

சென்ற பரீட்சை நாளில் என் மகன் விடியலிலேயே கிளம்பிப் போய்விட்டான். பத்து மணிக்குக் கடைப்பையன் ஓடி வந்து, “முதலாளி, மேசைக்கடியில ஒரு முனை தொங்குது” என்றான். எனக்கு அடிவயிறு கலங்கியது. “செருகினியா?” என்றேன். “இல்ல, 7-ன்னு சீட்டு இருக்கு. நோட்டுல பார்த்தேன். அது பின்பக்கக் கேமராவுக்குப் போற கம்பி. 4-ம் துளைன்னு எழுதியிருக்கு. மாட்டவா?” என்றான். மாட்டச் சொன்னேன். கேமரா எழுந்தது. கம்பியைப் பற்றி ஒன்றும் படிக்காத பையன் இரண்டு நிமிஷத்தில் முடித்தான்.

பரீட்சை முடிவு பற்றிக் கேட்பீர்கள். முதல் தடவை தேறவில்லை. சில மதிப்பெண் குறைந்துவிட்டது. இரண்டாம் தடவைக்குப் படிக்கிறான். ஆனால் அன்று மாலை அவன் வீட்டுக்கு வந்ததும் கடைப்பையன் செய்ததைச் சொன்னேன். அவன் நேராகப் போய் நோட்டை எடுத்து, 7-ம் எண்ணுக்கு எதிரே தேதி போட்டு, “கழன்றது, மாட்டப்பட்டது” என்று எழுதி வைத்தான்.

உங்கள் பிள்ளைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு கட்டுச் சீட்டும் வாங்கிக் கொடுங்கள். விலை அதிகம் போகாது.